பேட்டரி முதல் வால் வரை: பெரிய மாடல் விமானங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

வண்டி எலக்ட்ரீஷியனாக முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். மாடல் விமானம் பறக்கவிட ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன: பெரிய விமானத்தின் வயிற்றுக்குள் பேட்டரி, ரிசீவர் (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் பெட்டி), சர்வோ (அந்தச் சிக்னலுக்கு ஏற்ப விமானத்தின் பாகங்களை அசைக்கும் சின்ன மோட்டார்), இக்னிஷன் (பெட்ரோல் இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் அமைப்பு) எல்லாவற்றையும் எப்படிப் பொருத்துவது? அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, இதுவரை ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும் விமானங்களைத்தான் பறக்கவிட்டிருக்கிறேன். இப்போது 2.7 மீட்டர் இறக்கை, 55 சிசி பெட்ரோல் இன்ஜின், எல்லாம் சேர்ந்து 11 கிலோ வரும் ஒரு விமானம் கட்டிக்கொண்டிருக்கிறேன். இறக்கையில் ஐலரான் இரண்டு, ஃப்ளாப் இரண்டு, வாலில் எலிவேட்டர் இரண்டு, ரடர், இன்ஜின் வேகத்துக்கு த்ராட்டில் என்று எட்டு சர்வோ. சின்ன விமானத்தில் செய்தது போல ஒரு பேட்டரி, ஒரு ஸ்விட்ச் போதாதா? இரண்டு பேட்டரி, பவர் பாக்ஸ் என்றெல்லாம் சொல்கிறார்களே?

பதில்: இரண்டு பேட்டரி கட்டாயம் வேண்டும். பவர் பாக்ஸ் உங்கள் விமானத்துக்கு இருந்தால் நல்லது, இல்லாமலும் ஒழுங்காகச் செய்யலாம்.

என் முதல் பெரிய விமானத்தில் நானும் ஒரு பேட்டரி, ஒரு ஸ்லைடு ஸ்விட்ச்தான் வைத்தேன். ஸ்விட்சை உடலின் பக்கவாட்டில், இன்ஜினுக்கு ஒரு சாண் பின்னால் திருகியிருந்தேன். நாற்பது தடவைக்கு மேல் நன்றாகப் பறந்தது. ஒரு நாள் மாலை தரையிறங்கத் திரும்பும்போது சர்வோக்கள் அப்படியே நின்றுவிட்டன. மூக்கு குத்தி விழுந்தது. உடைந்த துண்டுகளைப் பொறுக்கி வந்து முதல் வேலையாகப் பேட்டரியை அளந்தேன், நல்ல சார்ஜ். ரிசீவரும் வேலை செய்தது. ஸ்விட்சைப் பிளந்து பார்த்தால் உள்ளே இருந்த பித்தளைத் தகடு கறுத்து, ஒரு பக்கம் குழி விழுந்திருந்தது. இன்ஜின் அதிர்வில் அது நாள்தோறும் தேய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து ஒரு பழக்கம். எந்த விமானத்தைக் கட்டினாலும் பேட்டரியில் விரலை வைத்து, அங்கிருந்து கடைசி சர்வோ வரை கம்பி போகும் வழியிலேயே விரலை நகர்த்திக்கொண்டு போவேன். வழியில் வரும் ஒவ்வொரு கனெக்டரிலும், ஸ்விட்சிலும், பற்றவைப்பிலும் நிறுத்தி ஒரே கேள்வி கேட்பேன்: இது இப்போது கழன்றால் விமானம் வீடு திரும்புமா?

உங்கள் எட்டு சர்வோக்களுக்கு அந்த விரலை ஓட்டிப் பார்ப்போம். பெரிய சர்வோ ஒன்று காற்றின் அழுத்தத்தை எதிர்த்து முழுபலத்துடன் தள்ளும்போது 4, 5 ஆம்பியர் கூட இழுக்கும். எட்டும் ஒரே நேரத்தில் அப்படி இழுக்காது. ஆனாலும் ஒரு வேகமான இழுப்பில் நான்கைந்து சர்வோ சேர்ந்து 15 ஆம்பியரைத் தொடுவது சாதாரணம். இந்தக் கரண்டு முழுவதும் ஒரே ஒரு சர்வோ கனெக்டரின் மெல்லிய ஊசி வழியாக ரிசீவருக்குள் போக வேண்டும் என்றால் என்ன நடக்கும்? அந்தச் சின்ன ஊசியில் தொடர்ச்சியாக 3 ஆம்பியருக்கு மேல் நான் நம்புவதில்லை. ஊசி சூடாகும், மின்தடை ஏறும், ரிசீவருக்கு வரும் வோல்ட் சரியும். பல ரிசீவர்கள் 3.5 வோல்ட் அருகே தூங்கிவிடும். மறுபடி விழித்துக்கொள்ள ஒரு நொடி ஆனாலும் அந்த நொடியில் விமானம் யார் கையிலும் இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது இது. ஒரே வகை, ஒரே கொள்ளளவு, ஒரே வயதுள்ள இரண்டு பேட்டரிகள். ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்விட்ச், தனி கம்பி. அவை ரிசீவரில் இரண்டு வேறு வேறு துளைகளில் நுழையட்டும். ஒரு ஸ்விட்ச் செத்தாலும் ஒரு கனெக்டர் கழன்றாலும் மற்றது தாங்கும். முடிந்தால் எலக்ட்ரானிக் ஸ்விட்ச் போடுங்கள், அதிலும் கட்டுப்பாட்டுக் கம்பி அறுந்தால் ஆன் நிலையிலேயே நிற்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். அந்த ஒரு குணத்துக்காகவே அது எனக்குப் பிடிக்கும்.

பவர் பாக்ஸ் இதைவிட ஒரு படி மேலே. பேட்டரிகளிலிருந்து தடித்த கம்பியில் கரண்டு நேராக அதற்குள் வரும், அங்கிருந்து சர்வோக்களுக்குப் பிரியும். ரிசீவர் சிக்னல் மட்டும் கொடுத்தால் போதும். ஒரு பேட்டரி உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும் மற்றதை அது இழுத்துக்கொண்டு போகாதபடி பிரித்து வைக்கும். சர்வோ எண்ணிக்கை பத்தைத் தாண்டினாலோ, தலைகீழாகவும் குறுக்காகவும் விமானத்தை விரட்டும் ஆளாக நீங்கள் இருந்தாலோ யோசிக்காமல் போட்டுவிடுங்கள்.

கேள்வி: ரிசீவர் பேட்டரிக்கு லைப்போ (லித்தியம் பாலிமர்), லித்தியம் அயான், லித்தியம் அயர்ன் என்று மூன்று சொல்கிறார்கள். எது நல்லது?

பதில்: முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் காதில் விழும்போது அயானும் அயர்னும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அயர்னை நான் இரும்பு பாஸ்பேட் என்றே சொல்வேன். இவை வேறு வேறு சாமான்கள், சார்ஜரில் வேறு வேறு அமைப்புகள். லைப்போவும் அயானும் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் வரை ஏறும். இரும்பு பாஸ்பேட் 3.6 வோல்ட்டோடு நிற்க வேண்டும். இரும்பு பாஸ்பேட் பேட்டரியை லைப்போ என்று சார்ஜருக்குச் சொல்லிவிட்டால் அந்தப் பேட்டரி பாழ்.

55 சிசி விமானத்துக்கு என் தேர்வு இரும்பு பாஸ்பேட், இரண்டு செல், 2,500 எம்ஏஎச் (கொள்ளளவைச் சொல்லும் மில்லியாம்பியர்-மணி), இரண்டு பேட்டரி. இரண்டு செல் சேர்ந்து 6.6 வோல்ட். பெரும்பாலான சர்வோக்கள் இதை நேரடியாகவே ஏற்றுக்கொள்ளும். நடுவில் வோல்ட்டைக் குறைக்கும் ரெகுலேட்டர் தேவையில்லை என்பதால் வழியில் கெட்டுப்போக ஒரு சாமான் குறைகிறது. சார்ஜ் ஆனவுடன் கொஞ்ச நேரம் 7 வோல்ட் காட்டும், பிறகு இறங்கிவிடும். 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காத பழைய சர்வோ இருந்தால் மட்டும் கவனம்.

அயானும் நல்ல பேட்டரிதான், அதே எடையில் அதிக மின்சாரம் தரும். ஆனால் இரண்டு செல் முழுச் சார்ஜில் 8.4 வோல்ட். உங்கள் சர்வோக்கள் எல்லாமே, த்ராட்டில் சர்வோ உட்பட, அந்த வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டவையா என்று ஒவ்வொன்றின் மேலும் பார்த்துவிட்டு இணையுங்கள். இல்லையென்றால் ரெகுலேட்டர் வேண்டும். சாதாரண ரெகுலேட்டர் 8.4ஐ 6 ஆக்கும்போது 5 ஆம்பியர் ஓடினால் 12 வாட் வெறும் சூடாகவே போகும். காற்றுப் படாத மூலையில் அதை ஒட்டிவைத்தால் தானாகவே நின்றுவிடும்.

இரும்பு பாஸ்பேட்டில் ஒரு விஷயத்தை மட்டும் கற்றுக்கொள்ள வேண்டும். அதன் வோல்ட் கடைசி வரை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும், தீரும்போது சட்டென்று விழும். மைதானத்தில் மீட்டர் வைத்துப் பார்த்து இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதற்கு ஒரு நோட்டு வையுங்கள். என் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நோட்டு உண்டு. எத்தனை தடவை பறந்தது, எத்தனை நிமிடம், வீட்டுக்கு வந்து சார்ஜ் செய்தபோது ஒவ்வொரு பேட்டரியும் எத்தனை எம்ஏஎச் உள்வாங்கியது, அவ்வளவுதான் எழுதுவேன். பத்து நிமிடப் பறத்தலுக்கு இரண்டு பேட்டரியும் சேர்ந்து 400 எம்ஏஎச் என்று கணக்கு வந்தால், மொத்தம் 5,000 இருக்கிறது, பாதி தீர்ந்ததும் நிறுத்திக்கொள்வேன். அதாவது ஆறு தடவை. ஏன் பாதி? ஒரு பேட்டரி நடுவானில் செத்தால் மீதிப் பறத்தலை மற்றது தனியாகச் சுமக்க வேண்டுமே.

இந்த நோட்டு ஒரு தடவை என் விமானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. வழக்கமாக இரண்டு பேட்டரியும் 200, 210 என்று ஜோடியாகத்தான் உள்வாங்கும். ஒரு வாரம் பார்த்தால் ஒன்று 310, மற்றது 90. வானத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை, விமானம் அருமையாகத்தான் பறந்தது. விரலை வைத்துக் கம்பி வழியே போனேன். 90 வாங்கிய பேட்டரியின் கனெக்டரில் ஒரு ஊசியின் கிரிம்ப், அதாவது கம்பியை நசுக்கிப் பிடிக்கும் பிடி, செப்பைப் பிடிக்காமல் மேல் பிளாஸ்டிக்கை மட்டும் கவ்விக்கொண்டிருந்தது. அது நான் என் கையால் போட்ட கிரிம்ப்.

கேள்வி: விமானம் பின்கனமாக இருக்கிறது. எடை 11 கிலோ. பிளானில் சொன்ன இடத்துக்கு 18 மில்லிமீட்டர் பின்னால் ஈர்ப்பு மையம் விழுகிறது. மூக்கில் ஈயம் வைக்கச் சொல்கிறார் நண்பர். ஈயம் வைக்கவா?

பதில்: ஈயத்தைத் தொடாதீர்கள். விமானத்துக்குள் ஏற்கெனவே இடம் மாற்றக்கூடிய கனம் இருக்கிறது, அதுதான் பேட்டரி.

கணக்கு எளிது. 11,000 கிராமை 18 மில்லிமீட்டரால் பெருக்கினால் 1,98,000. இந்த எண்ணை நீங்கள் நகர்த்தக்கூடிய எடையால் வகுத்தால் எவ்வளவு தூரம் நகர்த்த வேண்டும் என்று வரும். உங்கள் இரண்டு ரிசீவர் பேட்டரிகளும் சேர்ந்து 330 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 1,98,000ஐ 330ஆல் வகுத்தால் 600. ஆக, இப்போது இறக்கைக்குப் பின்னால் இருக்கும் பேட்டரிகளை 60 சென்டிமீட்டர் முன்னால் கொண்டுபோனால் முடிந்தது. அதே வேலையை ஈயம் செய்ய வேண்டுமென்றால், ஈர்ப்பு மையத்துக்கு அரை மீட்டர் முன்னால், இன்ஜின் பொருத்தும் ஃபயர்வால் பலகையில் வைத்தாலும் 396 கிராம் வேண்டும். ஏறத்தாழ நானூறு கிராம் சும்மா சுமப்பதா?

அவ்வளவு தூரம் போக இடமில்லை என்றால் கொஞ்சம் பேட்டரியையும், கொஞ்சம் இக்னிஷன் பேட்டரியையும், பின்னால் இருக்கும் ரடர் சர்வோவையும் நகர்த்திப் பாருங்கள். ரடர் சர்வோவை இறக்கைக்கு அடியில் கொண்டுவந்து வாலுக்குக் கேபிள் இழுத்தால் வாலில் குறையும் ஒவ்வொரு கிராமும் மூக்கில் இரண்டு மூன்று கிராமை மிச்சப்படுத்தும். அளக்கும்போது பெட்ரோல் டேங்க் காலியாக இருக்கட்டும். பெரும்பாலான விமானங்களில் டேங்க் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால்தான் இருக்கும், பறக்கப் பறக்கப் பெட்ரோல் தீர்ந்து விமானம் பின்கனமாகும். தரையிறங்கும்போதுதான் அது தெரியவரும்.

இதைக் கருத்தில் வைத்துத்தான், கட்டி முடிக்கும் வரை பேட்டரி இடத்தை நிரந்தரமாக்கக் கூடாது என்கிறேன். இன்ஜின், அதை மூடும் கவுல், லேண்டிங் கியர், பெயின்ட் எல்லாம் ஏறிய பிறகு, கடைசியாகப் பேட்டரிக்கு இடம் ஒதுக்குங்கள். முதலிலேயே பலகை ஒட்டிவிட்டுப் பிறகு வருந்தியவர்களின் கடிதங்கள் ஒவ்வொரு மாதமும் வருகின்றன.

இடம் முடிவானதும் பொருத்துவது பற்றி. வெல்க்ரோ மட்டும் போதாது. 3 மில்லிமீட்டர் பிளைவுட் தட்டு ஒன்றை இரண்டு குறுக்குப் பலகைகளுக்கு நடுவே எபாக்சியில் ஒட்டுங்கள். தட்டின் மேல் மெல்லிய ரப்பர் ஸ்பாஞ்ச், அதன் மேல் பேட்டரி, அதைச் சுற்றித் தட்டின் துளைகள் வழியே இரண்டு வெல்க்ரோ பட்டைகள். முன்பக்கம் ஒரு தடுப்புக்கட்டை கட்டாயம். தரையிறக்கம் கொஞ்சம் கடுமையானாலே 10 ஜி இழுப்பு வரும், 165 கிராம் பேட்டரி அப்போது 1.65 கிலோவாக முன்னால் பாயும். முன்னால் பெட்ரோல் டேங்க் இருக்கிறது, மறக்க வேண்டாம். கேபிள் டை போட்டு இறுக்குபவர்களையும் பார்க்கிறேன். பேட்டரியின் மெல்லிய உறையில் அது அதிர்வோடு அறுத்துக்கொண்டே இருக்கும். அகலமான பட்டைதான் சரி.

கேள்வி: வாலில் எலிவேட்டர் சர்வோக்கள். மேஜையில் வேகமாக ஓடிய சர்வோ, விமானத்தில் பொருத்தியதும் மந்தமாகிவிட்டது. ஒன்றரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கிறேன். சர்வோ பழுதா?

பதில்: சர்வோவை மாற்றும் முன் கம்பியைப் பாருங்கள். கம்பியின் தடிமனைச் சொல்லும் கேஜ் எண் தலைகீழானது, எண் கூடக் கூடக் கம்பி மெலியும். சாதாரணமாகக் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் 26 கேஜ். அந்தச் செப்புக்கு மீட்டருக்கு 0.134 ஓம். கரண்டு போகவும் வரவும் வேண்டும், ஆக ஒன்றரை மீட்டர் எக்ஸ்டென்ஷனில் 3 மீட்டர் செப்பு, 0.4 ஓம். சர்வோ 4 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 1.6 வோல்ட் தொலைந்துவிடும். 6.6 வோல்ட்டில் கிளம்பியது வாலுக்குப் போய்ச் சேரும்போது 5 வோல்ட். மந்தமாகாமல் என்ன செய்யும்?

அதையே 22 கேஜில் போட்டால் தொலைவது 0.64 வோல்ட், 20 கேஜில் 0.4. எலிவேட்டருக்கும் ரடருக்கும் 20 கேஜ் முறுக்குக் கம்பி போடுங்கள். அதிகமாகும் எடை சில கிராம்தான். இரண்டு எலிவேட்டர் சர்வோக்களுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷனை ஒய் கம்பியால் பிரித்துக் கொடுக்காதீர்கள், தனித்தனியே ரிசீவர் வரை வரட்டும். ஒன்று போனால் மற்ற பாதி எலிவேட்டரை வைத்து இறக்கிவிடலாம்.

இணைப்புகள் இருக்குமிடத்தில் கழலாமல் பிடிக்கும் கிளிப் போடுங்கள், அல்லது ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்கிவிடுங்கள். செல்லோ டேப் வேண்டாம், வெயிலில் பசை உருகி வழுக்கும். குறுக்குப் பலகைத் துளைகளைக் கம்பி கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம். பிளைவுட்டின் ஓரம் ரம்பம் மாதிரி, ஒரு சீசனில் பிளாஸ்டிக் உறையைத் தின்றுவிடும்.

கேள்வி: இன்ஜின் ஓடாதபோது ரேஞ்ச் டெஸ்ட் (ரிமோட் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்ற சோதனை) அருமையாக வருகிறது. இன்ஜினை ஓடவிட்டால் ஐலரான் துடிக்கிறது. என்ன காரணம்?

பதில்: இக்னிஷன். ஸ்பார்க் பிளக்கில் ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன். முதலில் பிளக்கின் தொப்பியைக் கையால் அசைத்துப் பாருங்கள். அதைச் சுற்றியுள்ள உலோகப் பின்னல் உறை பிளக்கின் அறுகோணத்தை இறுகப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் ஆடினாலும் அலை வெளியே கசியும். இப்படி வரும் துடிப்புகளில் நான் பார்த்தவரை முக்கால்வாசி இங்கேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? இக்னிஷன் சாமான்கள் எல்லாம், அதன் பேட்டரி, ஸ்விட்ச், கம்பி உட்பட, ரிசீவரிலிருந்தும் அதன் கம்பிகளிலிருந்தும் குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். இக்னிஷனுக்குத் தனி பேட்டரி, அது எப்போதும் தனி. ரிமோட்டிலிருந்து இன்ஜினை நிறுத்தும் ஸ்விட்ச் வைத்திருந்தால் அது ஒளி வழியாக இணையும் வகையாக இருக்கட்டும், இரண்டு பக்கத்துக்கும் நடுவே மின் தொடர்பே இருக்காது. அப்புறம் த்ராட்டில் சர்வோ. அதிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் தண்டு உலோகமாக இருந்தால் இரைச்சல் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரும். நைலான் தண்டு போடுங்கள். பழைய இக்னிஷன் பெட்டிகள் 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, பேட்டரி மாற்றும்போது அதன் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

ரிசீவரின் ஆன்டெனா பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டு ஆன்டெனாவும் சேர்த்து முறுக்கி மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, அதாவது நுனியில் உறை உரிந்த 31 மில்லிமீட்டர் மட்டும்தான் உண்மையான ஆன்டெனா. மீதி வெறும் கம்பி. அந்த 31 மில்லிமீட்டர் நேராக நிற்க வேண்டும், ஒன்றுக்கொன்று செங்கோணத்தில். பேட்டரி, கார்பன் ஃபைபர் குழாய், டேங்க் அருகே வேண்டாம். இரண்டு சின்ன பிளாஸ்டிக் குழாய்களை உடலின் உட்சுவரில் ஒட்டி அதற்குள் நுழைத்துவிட்டால் ஒருபோதும் மடங்காது.

கேள்வி: ஒரு ஐலரானுக்கு இரண்டு சர்வோ. ரிமோட்டின் ஸ்டிக்கைத் தொடாமலே ரீங்காரம் கேட்கிறது.

பதில்: இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளுகின்றன. ஒன்றின் தண்டைக் கழற்றுங்கள். நடுவில், மேல் எல்லையில், கீழ் எல்லையில், மூன்று இடத்திலும் அந்தத் தண்டின் முனை தானாகவே துளையில் விழ வேண்டும். விழாத இடத்தில் ரிமோட்டிலோ சர்வோ புரோகிராமரிலோ திருத்துங்கள். பிறகு பேட்டரி கம்பியில் ஆம்பியர் மீட்டரை வைத்து, சும்மா நிற்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். சண்டை நின்றதை மீட்டரே சொல்லும். இதை இன்றே செய்யுங்கள், இரவெல்லாம் முறைத்துக்கொண்டு நிற்கும் சர்வோ சீக்கிரம் கருகும்.

கேள்வி: ஐயா, நான் பெட்ரோல் வேண்டாமென்று மின்சார மோட்டார் போடுகிறேன். 6 செல் லைப்போ இரண்டைத் தொடராக இணைத்து 12 செல். இணைக்கும்போது பெரிய பொறி பறந்து கனெக்டர் கறுத்துவிட்டது. பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதுதான் தம்பி, 12 செல் முழுச் சார்ஜில் 50.4 வோல்ட். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியின் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் காலியாக இருக்கும். இணைத்த கணத்தில் அவை நிரம்பத் துடிக்கும்போது பாயும் கரண்டுதான் அந்தப் பொறி. பொறி தடுக்கும் கனெக்டர் என்று கேட்டு வாங்குங்கள். அதன் உள்ளே ஒரு சின்ன மின்தடை இருக்கும். கனெக்டர் பாதி நுழையும்போது அதன் வழியாக மெதுவாக நிரம்பி, முழுதும் நுழைந்ததும் நேர் இணைப்பு வந்துவிடும். கறுத்த பழைய கனெக்டரைத் தேய்த்து மீண்டும் பயன்படுத்தாதீர்கள், முலாம் போன இடம் பறக்கும்போது சூடாகும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இன்னொன்று என்னை உறுத்துகிறது. பேட்டரி உடலின் நடுவில், ஈஎஸ்சி மூக்கில், இடையில் அரை மீட்டர் கம்பி. ஈஎஸ்சி கரண்டைத் துண்டு துண்டாக, நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டித்தான் இழுக்கிறது. நீளமான கம்பியில் ஒவ்வொரு வெட்டுக்கும் வோல்ட் எகிறும், அந்த அடி முழுவதும் ஈஎஸ்சியின் கெபாசிட்டர் மேல் விழும். அது சூடாகி வெடித்தால் ஈஎஸ்சியும் போகும். ஈஎஸ்சியைப் பேட்டரிக்கு அருகில் கொண்டுவந்து மோட்டார் பக்கத்து மூன்று கம்பிகளை நீட்டுங்கள். அதுவும் முடியாதென்றால் ஈஎஸ்சியின் வாசலிலேயே கூடுதல் கெபாசிட்டர் பற்றவைக்க வேண்டும். ஈஎஸ்சிக்குக் குளிர்காற்று உள்ளே வர ஒரு வழி, வெளியேற அதைவிடப் பெரிய வழி. வெளியேறும் வழியை மறந்துவிடுபவர்கள்தான் அதிகம்.

ரிசீவருக்குத் தனி பேட்டரி வையுங்கள், மோட்டார் பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டாம். மோட்டார் பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். 5,000 எம்ஏஎச் என்றால் 4,000 வரைதான் உங்களுடையது. வீட்டில் வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட். சார்ஜ் செய்ய ஒவ்வொரு முறையும் விமானத்திலிருந்து வெளியே எடுங்கள், தீப்பிடிக்காத தரையில் வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். விழுந்த விமானத்தில் இருந்த லைப்போ வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் அரை மணி நேரம் திறந்த வெளியில் கிடக்கட்டும். ஈஎஸ்சி புரோகிராம் செய்யும் நாளில் ப்ரொப்பெல்லர் மேஜை மேல்தான் இருக்க வேண்டும், மோட்டாரில் இல்லை.

கேள்வி: எல்லாம் பொருத்தி முடித்துவிட்டேன். முதல் பறத்தலுக்கு முந்தைய நாள் வீட்டில் என்ன சோதனை செய்யலாம்?

பதில்: இரண்டு பேட்டரியையும் முழுதாகச் சார்ஜ் செய்து, ப்ரொப்பெல்லரைக் கழற்றி, விமானத்தைத் தரையில் நிறுத்துங்கள். இரண்டு ஸ்விட்சையும் போட்டு, எல்லா ஸ்டிக்கையும் ஒரு நிமிடம் வேகமாகச் சுழற்றுங்கள். அப்போதே இன்னொருவர் ரிசீவரின் காலித் துளை ஒன்றில் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்க்கட்டும். இரும்பு பாஸ்பேட் 6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் வழியில் எங்கோ கம்பி மெலிவு அல்லது மோசமான இணைப்பு. காற்றழுத்தம் இல்லாத தரையிலேயே இப்படியென்றால் மேலே இன்னும் இறங்கும்.

அடுத்து ஸ்டிக் சுழன்றுகொண்டிருக்கும்போதே ஒரு பேட்டரியின் கனெக்டரை உருவுங்கள். ஸ்விட்சை அணைப்பது போதாது, கனெக்டரையே உருவ வேண்டும். சர்வோக்கள் இமைக்காமல் ஓட வேண்டும். அதை மாட்டிவிட்டு மற்றதை உருவுங்கள். பிறகு ரிமோட்டை அணைத்துப் பாருங்கள், த்ராட்டில் சர்வோ தானாகவே மூடிய நிலைக்குப் போக வேண்டும். போகவில்லையென்றால், சிக்னல் அற்றுப்போனால் என்ன செய்வது என்று சொல்லும் ஃபெயில்சேஃப் இன்னும் பதிவாகவில்லை.

பிறகு விமானத்தின் வாலைத் தூக்கி, மூக்கை லேசாகத் தரைப்பக்கம் சாய்த்து, உள்ளே கையை விட்டு ஒவ்வொரு கம்பியையும் இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். மென்மையாக இல்லை, குழந்தை சட்டையைப் பிடித்து இழுக்குமே, அந்த அளவுக்கு. கழலுகிற கம்பி அந்த இழுப்புக்கே வந்துவிடும். எது வந்ததோ அதை மட்டும் சரிசெய்துவிட்டு நிறுத்தாமல், ஸ்டிக் சுழற்றுவதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்யுங்கள். மறுநாள் மைதானத்தில் ரேஞ்ச் டெஸ்ட், இன்ஜின் அணைந்த நிலையில் ஒரு தடவை, முழு வேகத்தில் ஓடும்போது ஒரு தடவை. ஓடும்போது வாலை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், ப்ரொப்பெல்லரின் நேர்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. இரண்டிலும் தூரம் ஒன்றாக வந்தால் பறக்கவிடுங்கள். முதல் பறத்தல் ஐந்து நிமிடம் போதும். இறங்கியதும் இறக்கையைக் கழற்றி ரெகுலேட்டர், ஸ்விட்ச், கனெக்டர் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருப்பது எது என்று எனக்கு எழுதுங்கள்.